ஏழு மாதம் என்னை ஏமாற்றிய ஊசி

போன வாரம் பெரம்பலூரில் என் வீட்டுக்கு இரண்டு இளம் டாக்டர்கள் வந்தார்கள். ஒரு கூட்டம் வைக்கப்போகிறார்களாம். வெயிலும் மழையும் இப்படி நிலைமாறிப் போன காலத்தில், நாம் செய்யும் ஆபரேஷன் பூமியை மேலும் சுடாமல் இருக்க என்ன செய்யலாம், அறுவை அரங்கின் குப்பையை எப்படிக் குறைக்கலாம் என்று பேசப்போகிறார்களாம். "நீங்க அனுபவஸ்தர் சார், ஒரு அரை மணி நேரம் பேசணும்" என்றார்கள்.

கோழி திருடியவனைக் கூப்பிட்டு, கூண்டுக்கு எந்தப் பூட்டு நல்லது என்று கேட்ட கதைதான் இது. மேடை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேடையில் நின்றால் கத்துவேன். என் தொண்டையும் உங்கள் காதும் பிழைக்கட்டும் என்று எழுதித் தருகிறேன்.

நான் முப்பத்தொரு வருடம் அரசு ஆஸ்பத்திரிகளில் வயிறு அறுத்தவன். கடைசி ஒன்பது வருடம் அரியலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதன் பெயர் வேண்டாம். அங்கே இப்போது என்னைவிட நல்லவர்கள் வேலை பார்க்கிறார்கள்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். அரங்கின் ஏ.சி.யைப் பதினெட்டில் வைக்கச் சொல்வேன். எனக்கு வியர்க்கக் கூடாது. வெளியே சித்திரை வெயிலில் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கும். உள்ளே மேசையில் படுத்திருப்பவருக்குப் பற்கள் தந்தியடிக்கும். ஒருமுறை ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தவரைத் தொட்டுப் பார்த்த அவர் தங்கை, "என்னங்க இது, ஐஸ் பொட்டியில வச்சிருந்தீங்களா" என்று கேட்டார். ஆபரேஷன் இல்லாத நாளிலும் அந்த ஏ.சி. ஓடும். "திடீர்னு கேஸ் வந்தா?" என்று வாதம் செய்வேன். கேஸ் வந்து, ஆளைக் கழுவித் தயார் செய்வதற்குள் அறை குளிர்ந்துவிடும் என்பது சுவிட்ச் போடுகிற வாட்ச்மேனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

எங்கள் மயக்க டாக்டர் என் வயதுக்காரர், மெதுவாகப் பேசுபவர். மயக்க வாயுவை எவ்வளவு குறைவாக விட முடியுமோ அவ்வளவு குறைவாக விடுவார். அவரைக் கஞ்சன் என்று நான் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. ஒருநாள் விளக்கினார். "நோயாளி கொஞ்சந்தான் எடுத்துக்கறார் டாக்டர். மிச்சம் ஜன்னல் வழியா மேல போய் நின்னுக்குது. அதுவும் சூட்டைப் பிடிச்சு வைக்கும்." நான், "அப்ப ஆகாசத்துக்கும் சேர்த்து மயக்கம் குடுக்கறீங்கன்னு சொல்லுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜோக் சொன்னால் சிரித்தே ஆக வேண்டும், அப்படி இருந்தது அரங்கு.

அங்கே ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. அதைப் போட்டவன் நான். நான் கேட்கும்போது 'இல்லை' என்ற வார்த்தை வரக்கூடாது. கேட்கக்கூடிய எல்லாம் உறை பிரித்து மேசையில் இருக்க வேண்டும். நூல் என்றால் உறையிலிருந்து வெளியே எடுத்து, ஊசியை இடுக்கியில் கடிக்க வைத்து, கையில் வாங்கிக் குத்துவதற்குத் தயாராக நிற்க வேண்டும். ஹெர்னியா போன்ற சின்ன ஆபரேஷனுக்கும், பெரிய வயிற்றைத் திறந்தால் மூடுகிற தடித்த நூல் ஒன்று பிரித்து ஓரத்தில் இருக்க வேண்டும். எதற்கு? எதற்கும் இருக்கட்டும்.

இந்தச் சட்டம் பிறந்த கதையும் அசிங்கமானதுதான். அங்கே சேர்ந்த புதிதில் ஒருநாள் நூல் வர அரை நிமிடம் தாமதமானது. கையிலிருந்த இடுக்கியைத் தரையில் வீசினேன். அது சுவரில் பட்டு, ஒரு டைல்ஸை உடைத்தது. உடைந்த டைல்ஸ் நான் ஓய்வு பெறும்வரை அப்படியே இருந்தது. புதிதாக வேலைக்கு வருகிற நர்ஸுக்கு முதல் நாள் அதைத்தான் காட்டுவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வேறு பயிற்சி தேவைப்படவில்லை.

பிரித்த எதையும் திரும்ப வைக்க முடியாது. ஒரு சொட்டு ரத்தம் படாவிட்டாலும் குப்பைதான். நம் ஊரில் மஞ்சப்பை என்றால் துணிப்பை. ஆஸ்பத்திரியில் மஞ்சள் பை என்றால் எரிக்கப்போகும் குப்பை. அது லாரியில் ஏறி, எங்கோ தூரத்தில் உலைக்குள் போகும். நாங்கள் ஒரு ஹெர்னியா முடித்தால் இரண்டு பை நிறையும். நான் அந்தப் பைகளை ஒரு நாளும் பார்த்ததில்லை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். அரங்கு சுத்தமாக இருக்கிறது, எல்லாம் தயாராக இருக்கிறது, என் ஒழுங்கு அப்படி என்று எனக்கு நானே மார்தட்டிக்கொள்வேன்.

இப்போது நான் ஓய்வு பெறுவதற்கு முன்னால் வந்த கடைசிக் கார்த்திகை மாதத்துக்கு வருகிறேன்.

மழை பெய்ய வேண்டிய ஐப்பசியில் வானம் காய்ந்து கிடந்தது. கார்த்திகையில் மூன்று நாளில் மொத்தமாகக் கொட்டியது. மேலே அணையிலும் திறந்துவிட்டார்கள். கொள்ளிடம் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. எங்கள் பக்கத்து ஓடைகள் எல்லாம் ரோட்டில் ஏறிவிட்டன. மருந்து, நூல், கையுறை கொண்டுவரும் வேன் இரண்டு நாளாக வரவில்லை. குப்பை எடுக்கும் லாரியும் வரவில்லை. பின்பக்கம் குப்பை வைக்கும் கொட்டகையில் முழங்கால் அளவு தண்ணீர். மஞ்சள் பைகள் மிதந்து, பிரசவ வார்டு ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டன. வாட்ச்மேன் ஒரு கழியால் அவற்றை ஒதுக்கி, தூக்கி வந்து, எங்கள் அரங்குக்கு வெளியே நடையில் அடுக்கினார். நான் அவரைத் திட்டினேன். "வேற எங்கய்யா வைக்கச் சொல்றீங்க? அதுங்க இங்கேருந்துதானே வந்துச்சு" என்றார். அதற்கும் திட்டினேன்.

அன்றைக்குக் காலையில் மூன்று ஆபரேஷன் போட்டிருந்தேன். இரண்டு ஹெர்னியா, ஒரு விரை வீக்கம். மூன்றும் அடுத்த வாரம் செய்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாத விஷயங்கள். அரங்கு சிஸ்டர் வந்து மேசைக்கு எதிரில் நின்றார். ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். பஸ் இல்லாததால் அன்று பால் வேனில் தொற்றி வந்திருந்தார்.

"சார், வேன் வரல. இருக்கிறது கொஞ்சந்தான். இன்னைக்கு லிஸ்ட்ட தள்ளி வச்சிக்கலாமா?"

"ஸ்டாக் பார்க்கிறது ஒங்க வேலை சிஸ்டர். அறுக்கிறது என் வேலை. மழைக்குப் பயந்து நான் வீட்டுல ஒக்காந்ததில்லை."

"சரிங்க சார்."

மூன்றையும் முடித்தேன். வழக்கம்போல ஒவ்வொன்றுக்கும் எல்லாம் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. வழக்கம்போல நான் கையைக் கழுவி உள்ளே வந்ததும், "எல்லாம் பிரிச்சாச்சா?" என்று கேட்டேன். வழக்கம்போல, "பிரிச்சாச்சு சார்" என்று பதில் வந்தது. ஓரத்தில் தடித்த நூல் இடுக்கியில் மாட்டிப் பளபளவென்று நின்றது. திருப்தி.

இட்லியை வாயில் வைத்த நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் டிராக்டர் சத்தம் கேட்டது.

திருமானூருக்கு அந்தப் பக்கம், கொள்ளிடக் கரையோரக் கிராமம். டிராக்டர் பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஒரு பெண்ணைப் படுக்க வைத்து, தார்ப்பாயால் மூடிக் கொண்டுவந்திருந்தார்கள். ஐம்பது வயது. கரும்புத் தோட்டத்தில் சோகை, அதாவது காய்ந்த இலை, உரிக்கிற வேலை. முழங்கால்களை மடக்கி, அசையாமல் கிடந்தார். அசையாமல் கிடக்கிற வயிற்று வலிக்காரரைப் பார்த்தால் எனக்குப் பயம். கத்திப் புரளுகிறவரை விட்டுவிட்டு இவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். "காலையில டீத்தண்ணி குடிச்சிச்சுங்க. குடிச்ச ஒடனே வவுத்தப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்துடுச்சி. வாயுன்னு நெனைச்சி ஓமத்தண்ணி குடுத்தோம்."

"எத்தனை மணிக்கு?"

"பால் வண்டி வர்ற நேரம்ங்க. இன்னைக்குப் பால் வண்டி வரல. ஆனா அந்த நேரந்தான்."

"மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா?"

"மூட்டு வலிக்கு மெடிக்கல்ல வாங்கித் திங்கும்ங்க. கலர் கலரா இருக்கும்."

வயிற்றில் கை வைத்தேன். பலகை. வெறும் வயிற்றில் வலி மாத்திரை தின்று தின்று இரைப்பையில் ஓட்டை விழுந்திருக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் வயிற்றுக்குள் பரவிக்கொண்டிருக்கிறது. நேரம் போகப் போக ஆள் போய்விடுவார். 108 டிரைவரைக் கூப்பிட்டேன். தஞ்சாவூருக்கு அனுப்பினால் பெரிய ஆஸ்பத்திரி, எல்லா வசதியும் இருக்கிறது.

"தெக்க போக முடியாது சார். டிராக்டர் வயல்ல எறங்கி வந்துடும், இந்த வண்டி வராது. சின்னப் பாலம் ஒண்ணு ஒக்காந்துடுச்சு. சுண்ணாம்புக்கல் லாரிங்க கண்ணுக்கு எட்டின தூரம் நிக்குது. பெரம்பலூர் ரோட்டுலயும் ஓடை மேல ஏறி ஓடுது. சுத்திக்கிட்டு போறேன்னா போவேன். எப்ப போய்ச் சேருவேன்னு கேக்காதீங்க."

மயக்க டாக்டரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். இங்கேதான்.

அந்தப் பெண்ணிடம் குனிந்து சொன்னேன். அவர் கண்ணைத் திறந்து கேட்டார்.

"கிழிப்பீங்களா?"

"கிழிக்கணும்மா."

"நல்லாத் தைப்பீங்கல்ல?"

"அதெல்லாம் நல்லாத் தைப்போம்."

நெஞ்சு நிமிர்த்திச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அது. சொல்லும்போது பொய் என்று தெரியாது.

கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் கொஞ்சம் நிமிர்ந்ததும் மேசையில் போடலாம் என்று மயக்க டாக்டர் சொல்லியிருந்தார். நான் அரங்குக்குள் போய் நூல் வைக்கும் ராக்கைத் திறந்தேன். மெல்லிய நூல்கள் இருந்தன. வயிற்றை மூடுகிற தடித்த நூலை மொத்த நூல் என்போம்; அதை வைக்கும் தட்டு காலி. துடைத்து வைத்தது மாதிரி காலி.

"சிஸ்டர், மொத்த நூல் எங்க?"

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "பார்க்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். 'இல்லை' என்று சொல்ல முடியாதவர்கள் சொல்கிற வார்த்தை அது. எத்தனை முறை கேட்டிருப்பேன். அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் புரிந்தது. இல்லை. நூல் இல்லை.

மெல்லிய நூலால் வயிற்றை மூடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ நோயாளி ஒருமுறை பலமாக இருமுவார். தையல் விட்டுப்போகும். போர்வையை விலக்கினால் குடல் வெளியே கிடக்கும். ஒருமுறை பார்த்திருக்கிறேன். அந்த ஆள் பிழைக்கவில்லை. இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காலையில் மூன்று ஆபரேஷனுக்கும் மூன்று தடித்த நூல் பிரித்து வைத்தார்களே. ஒன்றைக்கூட நான் தொடவில்லையே.

இனி நான் செய்ததை உங்கள் மாணவர்களிடம் சொல்லாதீர்கள். அல்லது சொல்லுங்கள், அவர்களாவது உருப்படட்டும். ஊசியோடு சேர்ந்த நூல் என்பதால் அது ஊசி போடுகிற வெள்ளை டப்பாவுக்குள் போயிருக்க வேண்டும். டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தேன். காலையில் தைத்த சின்ன ஊசிகள் தெரிந்தன. தடித்த ஊசி ஒன்றுகூட இல்லை. அவசரத்தில் யாரோ பைக்குள் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். தடித்த கையுறை மாட்டிக்கொண்டு நடைக்குப் போனேன். அன்றைய மஞ்சள் பைகளைத் தரையில் கவிழ்த்தேன். கிடைத்தால் அவித்துத் தைத்துவிடலாம் என்று புத்தி ஓடியது. அதைப் புத்தி என்று சொல்வதே தப்பு. கை கழுவாமல் கதவைத் தொட்ட நர்ஸை முந்தின மாதம் அழ வைத்தவன், குப்பையிலிருந்து நூல் எடுத்துத் தைக்கத் தயாராகிவிட்டான்.

முப்பத்தொரு வருடத்தில் முதல் முறையாக என் குப்பையைப் பார்த்தேன்.

கட்டின நாடா அவிழ்க்காமலே பஞ்சுத்துணிக் கட்டுகள். மடிப்புக் கலையாத காகித அங்கிகள். யார் கையும் நுழையாத கையுறைகள், விரல்கள் உள்ளே மடங்கியபடி. பிளாஸ்டிக் குழாய்கள், சுருட்டியது சுருட்டியபடி. ரத்தம் பட்ட துணிகளும் இருந்தன; கொஞ்சம்தான். மற்றதெல்லாம் காலையில் புத்தம் புதிதாக இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு முன் எவரும் நம்பி நோயாளியின் வயிற்றுக்குள் வைத்திருக்கலாம். இப்போது ஒன்றுக்கும் ஆகாது. எங்கோ செய்து, எங்கிருந்தோ லாரியில் வந்து, நான் ஒரு பார்வை பார்ப்பதற்காகப் பிரிக்கப்பட்டு, திரும்ப லாரியில் ஏறி எரியப்போகிறது. இதில் பாதி பருத்தி. எங்கள் பக்கத்து வயல்களில் விளைகிற பருத்தி.

வெளியே கொட்டுகிற மழைக்கு என் மஞ்சள் பைதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. அவ்வளவு பெரிய ஆள் இல்லை நான். ஆனால் ரோடு அறுந்த நாளில், வேன் வராத நாளில், ஒரு பெண்ணின் உயிருக்கு வேண்டியதையெல்லாம் காலையிலேயே பிரித்து எறிந்துவிட்டு அதன் நடுவில் குந்தியிருந்தவன் நான்தான். மழை வந்தால் இது நடக்கும் என்று சிஸ்டருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அறுக்க மட்டும்தான் தெரியும்.

நூல் கிடைக்கவில்லை. மூன்று இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை.

"என்ன சார் தேடறீங்க?"

நிமிர்ந்தேன். சிஸ்டர் நின்றார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

"காலையில பிரிச்ச மொத்த நூல். மூணு. எங்க போச்சு?"

நடையின் மறுமுனையில் மயக்க டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"அது பிரிக்கல சார்" என்றார் சிஸ்டர்.

"என்ன பிரிக்கல? நான் என் கண்ணால பார்த்தேன். இடுக்கியில மாட்டி இருந்துச்சு."

"அது பழசு சார்."

"எந்தப் பழசு?"

"சித்திரை மாசத்துப் பழசு."

எனக்குப் புரியவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சின்ன ஆபரேஷன்ல நீங்க மொத்த நூல் இருக்கான்னு பார்ப்பீங்க சார், கேக்க மாட்டீங்க. சித்திரையில பிரிச்ச ஒண்ண வச்சிக்கிட்டேன். அதையே ஒவ்வொரு தடவையும் அவிச்சி இடுக்கியில மாட்டி வச்சிடுவேன். ஒறையையும் பக்கத்துல போட்டுடுவேன், அப்பத்தான் நம்புவீங்க. நெசமாவே கேட்டா குடுக்க, புதுசு ஒண்ணு பிரிக்காம கைக்கு எட்டற தூரத்துல இருக்கும். நீங்க கேக்கல."

"எத்தனை மாசமா?"

"ஏழு மாசமா சார்."

முதுகுக்குப் பின்னாலிருந்த கை முன்னால் வந்தது. ஒரு பிஸ்கட் டின். மூடியைத் திறந்தார். உள்ளே தடித்த நூல் பாக்கெட்டுகள், பிரிக்காதவை, காலாவதி தேதி முந்துகிறது மேலே வருகிற மாதிரி வரிசையாக அடுக்கி. ராக்கில் விட்டு வைத்தால் செலவாகாமல் இருப்பது எனக்குத் தெரிந்துவிடும் என்று லினன் அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்.

மயக்க டாக்டர் அங்கிருந்தே சொன்னார். "ஏழு மாசமா ஒங்களுக்குப் பொம்மை காட்டி சோறு ஊட்டியிருக்காங்க டாக்டர்."

அந்த இடத்தில் நான் எழுந்து அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நான் கத்தினேன். ஏமாற்றிவிட்டீர்கள், என் மேசையில் பொம்மையா, மெமோ கொடுப்பேன் என்று குப்பைக்கு நடுவில் குந்தியபடியே கத்தினேன். கையில் ஒரு காலிக் கையுறையை வைத்து ஆட்டிக்கொண்டே கத்தினேன் என்று மயக்க டாக்டர் பிறகு நடித்துக் காட்டினார்.

சிஸ்டர் கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம் சொன்னார். "கத்தி முடிச்சிட்டு வாங்க சார். அந்தம்மாவ மேசைக்கு மாத்தறோம்."

டின்னை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உங்களுக்கே தெரியும். ஓட்டையை அடைத்து, வயிற்றைக் கழுவி முடித்தோம். மூடும் நேரம் வந்தது. "நூல்" என்று கையை நீட்டினேன். கையில் எதுவும் வந்து விழவில்லை. சிஸ்டர் அப்போதுதான் பாக்கெட்டைப் பிரிக்கிறார். என் வாய் தானாகத் திறந்தது. மயக்க டாக்டர் திரைக்கு மேலே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

பதினைந்து நொடி இருக்கும். அந்த நேரத்தில் எனக்குப் பெரிய ஞானம் எதுவும் வரவில்லை. மூக்கு அரித்தது, அவ்வளவுதான். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பதினைந்து நொடியைக் காப்பாற்றத்தான் ஒன்பது வருடமாகப் பை பையாக எரித்திருக்கிறேன். அந்தக் குப்பைக்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. என் கோபம்தான் காரணம். என்னிடம் திட்டு வாங்குவதைவிடப் பிரித்து எறிவது சுலபம் என்று ஒரு அரங்கமே முடிவு செய்திருந்தது.

அந்தப் பெண் அடுத்த மூன்று நாள் எங்களைப் படுத்தி எடுத்தார். காய்ச்சல், சளி. நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நான் படுக்கை அருகே நிற்கும்போது இருமல் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவந்து, நிறுத்த முடியாமல் இருமினார். நானும் சிஸ்டரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இருமல் நின்றதும் கட்டை விலக்கிப் பார்த்தேன். தையல் அசையவில்லை.

"நல்லாத் தச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் அவர்.

"நூல் நல்ல நூலும்மா. சிஸ்டரோடது."

"சிஸ்டரு வூட்டு நூலா?"

"ஆமாம்."

"அப்ப சோகை உரிக்கப் போவலாமா?"

"மூணு மாசத்துக்கு அந்தப் பேச்சு வேண்டாம். அந்தக் கலர் மாத்திரைப் பேச்சும் வேண்டாம்."

அன்றைக்கு மாலை சிஸ்டரை உட்கார வைத்து, எந்த ஆபரேஷனுக்கு எதெல்லாம் மேசையில் வேண்டும் என்று நான் ஒரு பட்டியல் எழுதினேன். அவர் என் பேனாவையே வாங்கி அதில் பாதிக்கு மேல் அடித்தார். ஒவ்வொரு அடித்தலுக்கும் சண்டை போட்டேன். "கடைசியா எப்ப சார் கேட்டீங்க?" என்று மட்டும் கேட்பார். எனக்கு நினைவிருக்காது. அவருக்கு நினைவிருக்கும். ரத்தம் பீறிட்டால் வேண்டியவற்றில் மட்டும் அவரும் கை வைக்கவில்லை, நானும் விடவில்லை. அவை மேசையில் இருந்தே ஆக வேண்டும். பூமியைக் காப்பாற்றுகிறேன் என்று அதில் கஞ்சத்தனம் பண்ணுகிறவனை அடிக்க நானே பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வருவேன். ஏ.சி. வெப்பத்தையும் ஏற்றினோம். எனக்கு வியர்த்தது. யாரும் சாகவில்லை.

அதனால், தம்பிகளே, தங்கச்சிகளே, உங்கள் கூட்டத்தில் எந்தப் பை வாங்கலாம், எந்த இயந்திரம் வாங்கலாம் என்று பேசுவீர்கள். பேசுங்கள். ஆனால் முதலில் உங்கள் அரங்கில் 'இல்லை' என்று சொன்னால் என்ன நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள். எந்த டைல்ஸ் உடைந்திருக்கிறது என்று பாருங்கள். குப்பை அங்கே ஆரம்பிக்கிறது. எனக்கு ஒரு நல்ல பொய்க்காரி கிடைத்தார். உங்களுக்கும் கிடைப்பார் என்று நம்பிக் கத்திக்கொண்டிருக்காதீர்கள்.

பட்டியல் எழுதிய மறுநாள், திங்கட்கிழமை, ஒரு ஹெர்னியா. மழை விட்டிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். பழக்கம் விடுமா. வாய் தானாகக் கேட்டது.

"எல்லாம் பிரிச்சாச்சா?"

மேசையில் பாதி இடம் காலியாக இருந்தது. பிரிக்காத பாக்கெட்டுகள் ஓரத்தில் ஒரு தட்டில் அடுக்கியிருந்தன. பொம்மை ஊசி இல்லை. வாட்ச்மேன்கூடக் கதவோரம் நின்று கவனித்தார்.

"இல்ல சார்" என்றார் சிஸ்டர்.

ஒன்பது வருடத்தில் அந்த அறையில் நான் கேட்ட முதல் 'இல்லை' அது. சுவரில் உடைந்த டைல்ஸ் எனக்கு நேர் எதிரில் இருந்தது. கத்தியை வாங்கி வேலையை ஆரம்பித்தேன். நூல் வேண்டிய இடம் வந்ததும் கையை நீட்டி, மூக்கு அரிக்க, காத்துக்கொண்டு நின்றேன்.